பால்கனிக்கு நேரே ஒரு தீ

ஜனவரி 8

பெறுநர்: எரிகோபுரப் பொறுப்பாளர், குப்பைமேட்டு வாயு நிலையம்.
அனுப்புநர்: செயலாளர், குடியிருப்போர் சங்கம்.

ஐயா,

எங்கள் அடுக்ககத்தின் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் தாங்கள் நட்டுவைத்திருக்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் இரவும் பகலும் தீ எரிவது சங்கத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. வராமல் எப்படி இருக்கும்? இரட்டைத் திரை போட்டாலும் படுக்கையறைச் சுவர் ஆரஞ்சு நிறத்தில் ஆடுகிறது. மூன்றாம் மாடிக்காரர் தினமும் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுகிறார். இப்போதெல்லாம் அவர் குரலைக் கேட்டதுமே அவர்கள் வைத்துவிடுகிறார்கள். நாளைக்கு நிஜமாகவே எங்கள் வீடு பற்றிக்கொண்டால் யார் வருவார்கள்? ஆகவே மேற்படி தீயை உடனடியாக அணைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை செயலாளராக எழுதினேன். இனி அக்காவாக எழுதுகிறேன்.

டேய், இந்த வீட்டை வாங்கச் சொன்னது யார்? "குப்பைமேட்டை மண்ணு போட்டு மூடியாச்சுக்கா, இனிமே நாத்தமே வராது, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று சொன்னது யார்? வாங்கினேன். இப்போது கண்ணைத்தான் மூட முடியவில்லை. காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்தவள் நான். தலைமை நர்ஸாக ஓய்வு பெற்ற பிறகாவது இருட்டில் தூங்கலாம் என்று இருந்தேன். எதிரே தீ வைக்கப்போகிறோம் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சொன்னாயா?

உன்னோடு பேச மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. உன் அத்தான் காலை நடைக்கு அந்தப் பக்கம்தான் வருகிறார். பதிலை அவரிடம் கொடுத்து அனுப்பு. அவருக்கு டீ கொடுக்காதே, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது.

செயலாளர்


ஜனவரி 10

செயலாளர் அம்மாவுக்கு, நடுவில் எங்காவது அக்கா தென்பட்டால் அவளுக்கும்,

அத்தான் டீ குடிக்கவில்லை. பிஸ்கட் மட்டும் சாப்பிட்டார். பிஸ்கட்டைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை.

அணைக்கச் சொல்கிறாய். அக்கா, அது அடுப்பு இல்லை. இந்த மேட்டுக்குள்ளே ஊர் கொட்டிய குப்பை மக்கிக்கொண்டிருக்கிறது. மக்கும்போது மீத்தேன் என்று ஒரு வாயு வருகிறது. அதை அப்படியே ஆகாயத்தில் விட்டால், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். எரித்துவிட்டால் அந்தக் கெடுதல் பெரும்பாலும் போய்விடுகிறது. அதற்காகத்தான் இப்போதைக்கு மேட்டின் ஒரு பாதி முழுக்க ஓட்டை போட்ட குழாய்களை ஆழமாக இறக்கி வைத்திருக்கிறோம். அவற்றை வாயுக் கிணறு என்போம். ஒரு பெரிய விசிறி யந்திரம் எல்லாக் கிணறுகளிலிருந்தும் வாயுவை உறிஞ்சிக் கோபுரத்துக்கு அனுப்புகிறது. உச்சியில் எரிகிறது. உன் சுவரில் ஆடுகிறது. கடைசி விஷயத்துக்கு வருந்துகிறேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா? அச்சகத்தில் சேர்ந்தேன், விட்டேன். பஸ் கம்பெனியில் சேர்ந்தேன், விட்டேன். கோழிப்பண்ணையைப் பற்றிப் பேச வேண்டாம். சொந்தக்காரர்கள் எனக்குப் 'பாதி' என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை. ஆனால் இந்த வேலையில் மட்டும், ஏனோ தெரியவில்லை, விடிந்ததும் தானாக எழுந்து மேட்டில் ஏறுகிறேன். ஒவ்வொரு கிணறாகப் போய் வால்வைத் திருகிப் பார்ப்பது பிடித்திருக்கிறது. குப்பைமேட்டுக்கு நடுவில் ஒரு தகரப் பெட்டி அறையில் உட்கார்ந்துகொண்டு சந்தோஷமாக இருக்கிறேன் என்று வெளியில் சொன்னால் ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். உன்னிடம் சொல்லலாம்.

இப்போது நடப்பது வெள்ளோட்டம். மார்ச் முதல் வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். தீ நின்று எரிந்தால் நிலையமும் நிரந்தரம், நானும் நிரந்தரம். அணைந்து கிடந்தால் குழாயெல்லாம் பிடுங்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள், மேலே என்னையும் போட்டு. அதுவரை பொறுத்துக்கொள்ளேன்.

தம்பி


ஜனவரி 14

தம்பிக்கு,

விஞ்ஞானம் எல்லாம் சரி. பூமி சூடாவது எனக்கும் கவலைதான். ஆனால் பூமி சூடாகக் கூடாது என்பதற்காக என் படுக்கையறை சூடாக வேண்டுமா?

உன் அத்தானைக் கேட்டால் அவர் இன்னொரு கட்சி. கரண்ட் போனால் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உன் தீ வெளிச்சத்தில் பேப்பர் படிக்கிறார். "மச்சான் புண்ணியத்துல மெழுகுவத்தி மிச்சம்" என்று வேறு சொல்கிறார். பிஸ்கட் சாப்பிட்ட வாய் வேறு எப்படிப் பேசும்?

சங்கம் கூடியது. அணைக்கத்தான் முடியாது, மறைக்கவாவது வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். எப்படி என்று உனக்குச் சொல்வதாக இல்லை. அடுத்த வாரம் நீ ஏதோ பயிற்சிக்கு வெளியூர் போகிறாயாம், உன் அத்தான் சொன்னார். போய்விட்டு வா. குளிருக்குக் கம்பளி எடுத்துப்போ. இது செயலாளர் சொல்வது.


பிப்ரவரி 7

அக்கா,

எனக்கு நேரம் சரியில்லை. நான் பயிற்சிக்குப் போயிருந்த வாரம் யாரோ என் மேட்டுக்குக் கண் வைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த நாளிலிருந்து தீ நிற்கவே மாட்டேன் என்கிறது. பற்ற வைக்கிறேன், ஒரு மணி நேரம் எரிகிறது, 'டப்' என்று அணைந்துவிடுகிறது. காரணம் தெரிகிறது, காரணத்துக்குக் காரணம்தான் தெரியவில்லை. கிணறுகளில் வாயுவோடு வெளிக்காற்றும் சேர்ந்து வருகிறது. அது ஆபத்து. குழாய்க்குள் காற்று கலந்தால் யந்திரமே தன்னை நிறுத்திக்கொள்ளும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது? மேட்டின் மேல் கெட்டியாகக் களிமண் பூசி மூடியிருக்கிறது. அதற்கு மேலே ஒரு சாண் தோட்ட மண். ஊசி நுழைய இடமில்லை.

குழாய் இணைப்பு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டேன். நாய்களைச் சந்தேகப்பட்டேன். எலி வளை தேடி மேடு முழுக்கத் தவழ்ந்தேன். வாசல் காவலாளியைக் கேட்டால் "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், எல்லாம் பெரியவங்க பாத்துப்பாங்க" என்று வானத்தைப் பார்க்கிறார்.

ஒரே ஒரு ஆறுதல். நான் இல்லாதபோது தலைமை அலுவலகத்தில் யாரோ நல்ல மனசுக்காரர் உங்கள் பக்கத்துச் சரிவு முழுக்க மரக்கன்று நட வைத்திருக்கிறார். ஒவ்வொரு கிணற்றுக்குப் பக்கத்திலும் ஒன்று, பிடித்து வைத்தது போல. காலையில் வால்வு பார்க்கப் போகும்போது அதுகளுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்.

உன் பால்கனியிலிருந்து எதுவும் கண்ணில் பட்டதா? ஆடு, மாடு, திருடன், யாராக இருந்தாலும் சொல்.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

ஆடும் இல்லை, மாடும் இல்லை. திருடனைப் பார்த்தால் நானே பிடித்துக் கட்டுப் போட்டு உட்கார வைத்திருப்பேன்.

தீ அணைந்ததில் சங்கத்துக்குப் பரம சந்தோஷம். மூன்றாம் மாடிக்காரர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். நானும் இருட்டில் நன்றாகத் தூங்கினேன். நீ கஷ்டப்படும்போது இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் தூங்கினேன்.

மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது நல்ல பழக்கம். தொடர்ந்து ஊற்று. நட்டவர்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்கா


பிப்ரவரி 16

பெறுநர்: எரிகோபுரப் பொறுப்பாளர்.

ஐயா,

இது சங்கத்தின் அவசரப் புகார்.

ஒன்று: நாற்றம். ஒரு வாரமாக மேட்டுப் பக்கமிருந்து அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறது. ஜன்னலைத் திறந்தால் தலைவலி, மூடினால் புழுக்கம். இனிப்பு கொடுத்த மூன்றாம் மாடிக்காரர் இப்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டு திரிகிறார். குப்பையை மூடியாகிவிட்டது என்று சொன்ன தாங்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு: தங்கள் நிலையத்து விஷவாயுவால் எங்கள் சங்கம் நட்ட மரக்கன்றுகள் அத்தனையும் வாடிவிட்டன. இலையெல்லாம் மஞ்சள் பூத்து, பார்க்கவே பாவமாக இருக்கிறது. வெயிலில் நின்று, ஆள் வைத்துத் தோண்டி, பிள்ளையைப் போல் நட்ட கன்றுகள். வளர்ந்து தீயை மறைக்கும் என்று நம்பி நட்டோம். பொறுப்பற்ற தங்கள் வாயு அவற்றைக் கொன்றுவிட்டது. இதற்கும் பதில் தேவை.

செயலாளர்


பிப்ரவரி 17, காலை

அக்கா,

நீங்களா நட்டீர்கள்?

குழி எவ்வளவு ஆழம்? அத்தான் கீழே நிற்கிறார். பதில் வாங்காமல் திரும்பி வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.


பிப்ரவரி 17, மதியம்

என் இடுப்பு வரை. நான் எதையும் அரைகுறையாகச் செய்வேனா? கீழே ஒரு களிமண் அடுக்கு கல்லு மாதிரி இருந்தது. தோண்டியவர்கள் "போதும்மா" என்றார்கள். நான்தான் பக்கத்தில் நின்று கடப்பாரை போடச் சொல்லி அதையும் உடைக்க வைத்தேன். இல்லாவிட்டால் வேர் எப்படி இறங்கும்? கன்றுகள் வரிசையாக நிற்கட்டும் என்று உன் குழாய்களையே அடையாளமாக வைத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்று நட்டோம். காவலாளி கூட மண்வெட்டி எடுத்துக் கொடுத்தார்.

ஏன் கேட்கிறாய்?


பிப்ரவரி 18

அக்கா,

ஏன் கேட்கிறேனா?

நேற்றே எழுத உட்கார்ந்தேன். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். உனக்கு அனுப்பக்கூடிய வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

நீ கடப்பாரையால் உடைத்தது கல் இல்லை. மேட்டின் மூடி. அது ஒன்றுதான் வாயுவை உள்ளேயும் காற்றை வெளியேயும் வைத்திருந்தது. என் யந்திரம் உறிஞ்சும்போது உன் குழிகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது. தீ அணைகிறது. தீ அணைந்ததும் அதே குழிகள் வழியாக வாயு வெளியே வருகிறது. உன் கன்றின் வேர் மூச்சுத் திணறிச் சாகிறது, உனக்குத் தலை வலிக்கிறது. மீத்தேனுக்கு வாசனை கிடையாது. அதோடு கூட வரும் கந்தக வாயுதான் அந்த அழுகிய முட்டை. கோபுரத்தில் தீ எரிந்தவரைக்கும் அதுவும் சேர்ந்து எரிந்துகொண்டிருந்தது. தீயும் வேண்டாம், நாற்றமும் வேண்டாம் என்றால் நடக்காது அக்கா.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தவள். நோயாளிக்கு மூக்கில் குழாய் வைத்து, அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே ஓட்டையும் போட்டால் என்ன ஆகும்? இடுப்பு ஆழத்தில். ஒவ்வொரு குழாய்க்கும் தவறாமல் ஒன்று. வரிசையாக.

போதாததற்கு நான் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதிகாரி வர இரண்டு வாரம்கூட இல்லை. குழிகளைத் தோண்டி, களிமண் கொட்டி, ஈரம் பண்ணி, இடித்து இறுக்க வேண்டும். ஒத்தாசைக்கு ஆள் கேட்டால், "ஓட்டை எப்படி வந்துச்சு?" என்று கேட்பார்கள். செயலாளர் அத்துமீறி உள்ளே வந்து தோண்டினார் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அது என்னால் முடியாது. ஆகவே தனியாகத்தான் செய்ய வேண்டும். தனியாகச் செய்து முடியாது. கணக்கு அவ்வளவுதான்.

இந்த ஒரு வேலையை மட்டும் பாதியில் விடக் கூடாது என்று இருந்தேன் அக்கா. அழுகையாக வருகிறது.


பிப்ரவரி 19

சுற்றறிக்கை

(நகல்: எரிகோபுரப் பொறுப்பாளருக்கு)

அடுக்ககத்தில் குடியிருக்கும் அனைவருக்கும் செயலாளர் தெரிவிப்பது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேட்டுச் சரிவில் நம் சங்கத்தின் 'மண் காக்கும் பணி' நடைபெறும். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். முதுகு வலி, மூட்டு வலி என்று சொல்பவர்களை நான் வந்து பரிசோதிப்பேன். களிமண் லாரி வந்து வாசலில் நிற்கிறது. கன்றுகளை வேரோடு எடுத்துத் தொட்டிகளுக்கு மாற்ற வேண்டும். ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம். நாற்றம் போக வேண்டுமா, வேண்டாமா? அவ்வளவுதான்.

தம்பி, அதிகாரியிடம் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் எழுதிக் கொடு. தோண்டியது நான்தான் என்று நானே கையெழுத்துப் போடுகிறேன். என்னைக் காப்பாற்ற நீ வேலையை இழக்க வேண்டாம். மூடிய பிறகும் தீ நிற்கவில்லை என்றால் மறைக்காமல் சொல்.


பிப்ரவரி 25

அக்கா,

நிற்கிறது! மூன்று நாளாக அணையவில்லை. காற்றுக் கலப்பு அடியோடு இறங்கிவிட்டது. உன் மூக்குக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு நாளும் நாம் ஒரே சரிவில் நின்று மண் அள்ளினோம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு "அவன்கிட்ட சொல்லுங்க, அந்தக் குழியில இன்னும் ரெண்டு கூடை போடணும்" என்று அத்தானிடம் சொன்னாய். நான் "போட்டாச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன். அந்த மனுஷன் இரண்டு பேருக்கும் நடுவில் கூடையோடு நடந்து நடந்தே சர்க்கரை இறங்கிவிட்டதாகக் கேள்வி.

மூன்றாம் மாடிக்காரர் களிமண்ணை இடித்த வேகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். யாரை நினைத்துக்கொண்டு இடித்தார் என்று கேட்கவில்லை.

எழுதிக் கொடுக்கவெல்லாம் மாட்டேன். வாயை மூடிக்கொண்டு இரு.

தம்பி


மார்ச் 5

அக்கா,

நேற்று கீழே என்ன நடந்தது?

அதிகாரி உச்சி வெயிலில் வந்தார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "எங்கேப்பா தீ? எரியவே இல்லையே" என்றார். வெயிலில் இந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மீட்டரைக் காட்டினேன். "மீட்டர் ஆயிரம் சொல்லும், நான் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்" என்று சொல்லி, மேலே ஏறிக் கடைசிக் கிணற்றின் வால்வைப் பார்த்து வரச் சொன்னார். போச்சு, லாரி வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். நான் இறங்கி வருவதற்குள் அவர் காருக்குப் போய்விட்டார். கண்ணாடியை இறக்கி, "உங்க அக்கா எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். வேறு என்ன சொல்ல? கார் போய்விட்டது. நேற்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.


மார்ச் 6

தம்பிக்கு,

முதலில் சாப்பிடு.

பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பதும், நீ கையைக் காலை ஆட்டிப் பேசுவதும், பிறகு தலையைத் தொங்கப்போட்டு மேட்டில் ஏறுவதும் தெரிந்தது. துணியை அப்படியே போட்டேன். வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடினேன்.

"என்ன சார், என்ன பிரச்சினை?"

"தீ எரியலை."

"எரியுது."

"எனக்குத் தெரியலையே."

"வெயில்ல தெரியாது. எனக்குத் தெரியும். நான் இதோட குடித்தனம் பண்றேன்."

"நீங்க யாரும்மா?"

"எதிர் வீடு. மூச்சை இழுங்க."

"என்னது?"

"மூச்சை இழுங்க சார். நல்லா. இன்னும். அப்படியே பிடிச்சு வைங்க. இப்ப விடுங்க. என்ன வாசனை?"

"ஒண்ணும் இல்லையே."

"அதான் சார் தீ. போன மாசம் இது அணைஞ்சு கிடந்தப்ப இதே இடத்துல மூச்சை இழுத்திருந்தீங்கன்னா, உங்களை நான் ஸ்ட்ரெச்சர்லதான் அனுப்பிருப்பேன். மலை மாதிரி குப்பைக்குப் பக்கத்துல நிக்கிறீங்க, மூக்குல கைக்குட்டை இல்லை. அது யாரோட வேலைன்னு நினைச்சீங்க? அதோ ஏறிட்டிருக்கானே, என் தம்பி, அவன் வேலை."

அவர் மறுபடியும் தானாகவே ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் வெயிலில் ரொம்பச் சிவந்திருந்தார், அதனால் நாடியைப் பிடித்துப் பார்த்து உப்பைக் குறைக்கச் சொன்னேன். அதற்குத்தான் அப்படிக் கேட்டிருப்பார்.

ஏன் தீ அணைந்தது என்று கேட்டார். நான் தோண்டியதால் என்று சொல்லிவிட்டேன். நீ வாயை மூடச் சொன்னாய்தான். முடியவில்லை. கூடவே, மூடியதும் நாங்கள்தான் என்றேன். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

அக்கா


மார்ச் 21

அக்கா,

உத்தரவு வந்துவிட்டது. நிலையம் நிரந்தரம். நானும்.

படித்ததும் விசிறி யந்திரத்தைக் கட்டிக்கொண்டேன். சுட்டது.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. அத்தானிடம் சொல்லிவிட்டேன், கடிதத்தைக் கொடுத்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள் என்று. உத்தரவில் இரண்டாவது பத்தி ஒன்று இருக்கிறது. "அருகில் வசிப்போரின் மனமார்ந்த ஒத்துழைப்பைக் கருத்தில் கொண்டு", மேட்டின் மறு பாதிக்கும் கிணறு இறக்கி, இன்னொரு எரிகோபுரம் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்துச் சரிவில். முதலாவதைவிடச் சற்றுப் பெரிதாக. நீ அந்த ஆளை மூச்சு இழுக்க வைத்த விதம் அப்படி.

சரியாக எந்த இடத்தில் என்று நான் குறித்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை. இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ எழுதுவதையும் நிறுத்திவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 21, சாயங்காலம்

தம்பிக்கு,

உன் அத்தானை மாடியிலிருந்து இறக்கியாகிவிட்டது. மூன்றாம் மாடிக்காரர் போனைக் கையில் எடுத்தார். பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இடம் நான் சொல்கிறேன், குறித்துக்கொள். என் சமையலறை ஜன்னலுக்கு நேராக வை. பழையதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கையில் கரண்டியோடு பால்கனிக்கு ஓட வேண்டியிருக்கிறது. அடுப்பில் நின்றபடி தலையைத் திருப்பினால் தெரிய வேண்டும். தீ அணைந்து கிடந்த நாட்களில் நீ இருட்டில் எந்தப் பக்கம் தவழ்கிறாய், சாப்பிட்டாயா, விழுந்து கிடக்கிறாயா என்று ஒன்றும் தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இனிமேல் இதுதான் ஏற்பாடு. அணைந்திருந்தால் நீ மேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன், தட்டை மூடி வைப்பேன். எரிந்தால் உனக்கு வேலை ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம், இங்கே வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எரிந்தும் நீ வராவிட்டால் செருப்பைக் கூட மாட்டாமல் மேட்டில் ஏறி வருவேன், அங்கேயே வைத்துத் திட்டுவேன், காவலாளி எதிரில்.

இப்போதுதான் பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எரிகிறது.

சாப்பாடு ஆறுகிறது.